வரைபடத்தில் இல்லாத ஓடைகள்: வால்பாறையின் நீர்ப்பிடிப்பை அளந்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வால்பாறை மலையின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளுக்கு, அதாவது மழைநீர் வடிந்து ஒரே ஓடையில் சேரும் நிலங்களுக்கு, வரைபடம் தயாரித்த குழுவினருக்கும், அதை இறுதி செய்யவிருக்கும் அதிகாரிகளுக்கும்,

கருத்துக் கேட்டு நீங்கள் வெளியிட்ட வரைவைத் திறந்ததும் நான் முதலில் தேடியது, நான் பிறந்த லயனுக்கு (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) பின்னால் ஓடும் ஓடையை. அது அங்கே இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அச்செடுத்தும் பார்த்தேன். ஓடை ஓடுகிற இடத்தில் வெறும் பச்சைதான் இருந்தது. என் அம்மா முப்பது வருஷம் துணி துவைத்த ஓடை அது. மார்ச் மாதத்தில்கூட முழங்கால் அளவு தண்ணீர் கிடக்கும். ஒரு ஓடை விடுபட்டதற்காக இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா என்று நீங்கள் நினைக்கலாம். ஒன்று என்றால் எழுதியிருக்க மாட்டேன்.

ஓடைக்கரையில் எவ்வளவு இடம் விட வேண்டும், சாலைக்குக் கீழே சிறுபாலத்தை எவ்வளவு அகலமாகக் கட்ட வேண்டும், எந்தச் சரிவில் கட்டடம் கட்டலாம் என்ற மூன்றையும் இந்த வரைபடத்தை வைத்தே தீர்மானிக்கப்போவதாக வரைவு சொல்கிறது. கிளைகள் சேரச் சேர ஓடைக்கு ஏறிக்கொண்டே போகும் எண்தான் வரிசை. மூன்றாம் வரிசை ஓடைகளுக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் மட்டும்தான் கரைப் பாதுகாப்பு என்றும் அதில் இருக்கிறது. அப்படியானால் வரைபடத்தில் விடுபட்ட ஓடைக்குக் கரை கிடையாது. அதன் விளிம்பு வரைக்கும் தேயிலை வைக்கலாம், களைக்கொல்லி அடிக்கலாம், விடுதி கட்டலாம். இதை என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

என் அப்பா எஸ்டேட்டில் மழைமானி பார்த்தவர். தினமும் காலை எட்டரை மணிக்கு அளவுக் கண்ணாடியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, மில்லிமீட்டரைப் பதிவேட்டில் எழுதுவார். சின்ன வயதில் அவரோடு போய்ப் போய்த்தான் எனக்குப் புவியியல் பிடித்தது. பிறகு காட்டில் அளவை செய்ய வந்தவர்களுக்குக் களப்பணியாளராகச் சில வருஷம் டேப் பிடித்தேன். இப்போது பொள்ளாச்சியில் அதே பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறேன். விடுமுறை கிடைத்தால் நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே வந்துவிடுவேன்.

உங்கள் வரைவு வந்த பிறகு, இதற்கு முன்பு நானும் நண்பர்கள் நான்கு பேரும் நடந்து அளந்து வைத்திருந்த ஒரு பள்ளத்தாக்கின் குறிப்புகளை எடுத்து உங்கள் அட்டவணையோடு வைத்துப் பார்த்தேன். சுமார் 2 சதுர கிலோமீட்டர் பரப்பு. பாதி தேயிலை, மீதியில் சோலைக்காடும் கொஞ்சம் காப்பியும். உங்கள் படத்தில் அதற்குள் ஓடும் ஓடைகளின் மொத்த நீளம் 3.1 கிலோமீட்டர். நாங்கள் மார்ச்சில் நடந்தபோது 6.2 கிலோமீட்டர் வந்தது. ஜூலையில் மழைக்குள் நடந்தபோது 8.6 கிலோமீட்டர். ஓடை நீளத்தைப் பரப்பால் வகுத்தால் வருவதுதான் வடிகால் அடர்த்தி. உங்கள் கணக்கில் அது 1.55, எங்கள் ஜூலைக் கணக்கில் 4.3. ஒரு நிலம் தண்ணீரை எவ்வளவு வேகமாக ஆற்றில் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதைச் சொல்கிற எண் இது. கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு ஓடை உங்கள் படத்தில் காணாமல் போயிருக்கிறது.

ஓடை வரிசையையும் பார்த்துவிடலாம். ஹார்டன் 1945-இல் தொடங்கி ஸ்ட்ராலர் 1950-களில் திருத்திய முறையைத்தான் நீங்களும் பின்பற்றியிருக்கிறீர்கள், நானும் அதைத்தான் வகுப்பில் சொல்லித்தருகிறேன். கிளை எதுவும் இல்லாமல் பிறக்கும் ஓடை முதல் வரிசை. இரண்டு முதல் வரிசை ஓடைகள் சேர்ந்தால் இரண்டாம் வரிசை, இரண்டு இரண்டாம் வரிசை சேர்ந்தால் மூன்றாம் வரிசை. அடியிலிருந்து கட்டிக்கொண்டு போகிற கணக்கு என்பதால், அடியில் விட்டால் மேலே எல்லாமே ஒரு படி இறங்கிவிடும். நீங்கள் இந்தப் பள்ளத்தாக்கில் காட்டியிருக்கும் முதல் வரிசை ஓடைகள் மூன்றே மூன்று. நாங்கள் எண்ணியது 14. அவை சேர்ந்து நான்கு இரண்டாம் வரிசை ஓடைகளாகி, கீழே வெளியேறும்போது மூன்றாம் வரிசை ஓடையாக இருக்கிறது. உங்கள் அட்டவணையிலோ அது இரண்டாம் வரிசை. உங்கள் விதிப்படியே பாதுகாப்பு கிடைத்திருக்க வேண்டிய ஓடை, எண்ணாமல் விட்டதால் பாதுகாப்பை இழக்கிறது.

இது ஏன் நடந்தது என்பது எனக்குப் புரிகிறது. யாருடைய நேர்மையையும் நான் சந்தேகிக்கவில்லை. 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் வைத்து எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவைப் பயன்படுத்தியதாகப் பின்னிணைப்பில் எழுதியிருக்கிறீர்கள். நிலத்தை 30 மீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு உயரம் தருகிற தரவு. உலகம் முழுக்க பயன்படுகிற நல்ல தரவுதான். வறண்ட நிலத்தில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அந்த ரேடாரின் அலைநீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர். அடர்ந்த மழைக்காட்டில் அது தரை வரைக்கும் இறங்குவதில்லை. பெரும்பகுதி இலைக்கூரையிலேயே பட்டுத் திரும்பிவிடுகிறது. அதாவது காடு இருக்கிற இடத்தில் உங்கள் கையில் இருப்பது தரையின் உயரமல்ல, ஏறத்தாழ மரத்தின் உயரம்.

வால்பாறையில் இது எப்படிப்பட்ட பிழையாகிறது என்று யோசித்துப் பாருங்கள். 1890-களில் தொடங்கி இங்கே காட்டை வெட்டித் தோட்டம் போட்டார்கள். சரிவுகள் தேயிலைக்குப் போயின. எங்கள் பள்ளத்தாக்கில் காடு மிஞ்சியது செங்குத்தான ஓடைப் பள்ளங்களில்தான். இந்த மேட்டுநிலம் முழுக்க இப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட சோலைத் துண்டுகள் இருக்கின்றன. மேட்டில் இருக்கும் தேயிலைச் செடி இடுப்பளவு. பள்ளத்தில் நிற்கும் மரம் 30 மீட்டர். பள்ளத்தின் ஆழமும் அதே அளவாக இருந்தால், மேலிருந்து வரும் ரேடாருக்கு மேடும் பள்ளமும் ஒன்றுதான். தண்ணீர் ஓடுகிற இடத்தைத் தரவு நிரப்பிவிடுகிறது. அப்புறம் மென்பொருள் தன் பங்குக்கு மிச்சமிருக்கும் குழிகளையும் நிரப்பி, சரிவு போகிற போக்கில் ஒரு கோட்டை இழுக்கிறது. எங்கள் ஓடையைப் பொறுத்தவரை அந்தக் கோடு ஒரு தேயிலைக் காட்டின் நடுவே, கவாத்து அடித்த செடிகளின் மேல் போகிறது. நான் அங்கே போய் நின்று பார்த்தேன். கீழே காய்ந்த மண். உண்மையான ஓடை இடப்பக்கம் சோலைக்குள் இரைந்துகொண்டிருந்தது.

இன்னொன்று, ஓடை எங்கே தொடங்குகிறது என்று தீர்மானிக்க 500 கட்டங்கள் என்று எல்லை வைத்திருக்கிறீர்கள். ஒரு கட்டம் 900 சதுர மீட்டர் என்றால், 45 ஹெக்டேர் நிலத்துத் தண்ணீர் சேர்ந்த பிறகுதான் ஓடை பிறக்கும் என்று பொருள். நாங்கள் பார்த்த ஊற்றுகள் மூன்று, நான்கு ஹெக்டேரிலேயே பிறந்துவிடுகின்றன. சோலைக்குள் இலைச்சருகு மெத்தை போலக் கிடக்கும். மழை அதன் மேல் ஓடுவதில்லை. சருகுக்கும் மண்ணுக்கும் நடுவே, வேர் போன வழிகளிலும் நண்டுப் பொந்துகளிலும் இறங்கி, கீழே ஓரிடத்தில் திடீரென்று வாய் திறக்கிறது. மழை தொடர்ந்தால் அந்த வாய் மேலே மேலே ஏறிக்கொண்டே போகும். ஜூனில் பார்த்த ஊற்றுக்கண்ணுக்கு மேலே, ஆகஸ்டில் ஐம்பது அறுபது அடி தள்ளி இன்னொரு கண் திறந்திருக்கும். ஓடைகளைச் சரிபார்க்க நீங்கள் வைத்துப் பார்த்த செயற்கைக்கோள் படங்களோ ஜனவரியிலும் பிப்ரவரியிலும் எடுத்தவை. மேகம் இல்லாத மாதங்கள் என்பதால் அவற்றைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். ஆனால் இந்த மலை தண்ணீரால் பேசுவது மேகம் மூடியிருக்கிற மாதங்களில்தான்.

அடுத்தது வடிவம். இதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. வட்டமான நீர்ப்பிடிப்பில் எல்லாத் திசையிலிருந்தும் தண்ணீர் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வாயிலுக்கு வந்து சேரும், வெள்ளம் சட்டென்று உயரும். நீளவாக்கில் இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாக வரும், உச்சம் தணியும். பரப்பையும் சுற்றளவையும் வைத்து இதை அளக்கும் எண்தான் வட்டத்தன்மை விகிதம். முழு வட்டத்துக்கு 1. எங்கள் பள்ளத்தாக்குக்கு நீங்கள் கொடுத்திருப்பது 0.48. "நீள்வடிவம், வெள்ள அபாயம் குறைவு" என்று பக்கத்துக் கட்டத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

சுற்றளவை எப்படி அளந்தீர்கள் என்று பார்த்தேன். 30 மீட்டர் கட்டங்களின் விளிம்பு வழியாக, படிக்கட்டுப் போல. ஒரு முழு வட்டத்தையே இப்படிக் கட்டங்களின் விளிம்பில் அளந்து பாருங்கள். கட்டத்தை எவ்வளவு சின்னதாக்கினாலும் சுற்றளவு விட்டத்தின் நான்கு மடங்குதான் வரும். உண்மைச் சுற்றளவு விட்டத்தின் 3.14 மடங்கு. விகிதத்தில் சுற்றளவின் வர்க்கத்தால் வகுப்பதால், அப்பழுக்கில்லாத வட்டத்துக்கே 0.62தான் கிடைக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கட்டத்தாளில் போட்டுப் பார்த்துச் சொல்லிவிட்ட கணக்கு இது. எங்கள் பள்ளத்தாக்கின் எல்லையாக நின்று தண்ணீரை இரு பக்கமும் பிரிக்கும் நீர்பிரி மேட்டை நாங்கள் நடந்து அளந்தபோது சுற்றளவு 5.7 கிலோமீட்டர். நீங்கள் கொண்டது 7.2. எங்கள் அளவைப் போட்டால் விகிதம் 0.77. நீள்வடிவம் என்று நீங்கள் எழுதிய இடம், கிட்டத்தட்ட ஒரு கிண்ணம்.

அது கிண்ணம்தான் என்று எங்களுக்கு 2019 ஆகஸ்டில் தெரிந்தது. இரண்டு நாள் விடாத மழை. இரவு பதினொரு மணிக்கு மேல் ஓடையின் சத்தம் மாறியது. தண்ணீர்ச் சத்தத்துக்குள் கல் உருளும் சத்தம். அப்பா எழுந்து லயன் முழுக்கக் கதவைத் தட்டினார். சாலைக்குக் கீழே இரண்டு சிமெண்ட் குழாய் போட்டிருந்தார்கள். ஒன்றை மரக்கட்டை அடைத்துக்கொண்டது. அரை மணி நேரத்தில் தண்ணீர் சாலைக்கு மேலே ஏறி லயனுக்குள் வந்துவிட்டது. கடைசி வீட்டின் சமையலறைச் சுவரும் மாட்டுக்கொட்டகையும் போயின. மாட்டை முன்பே அவிழ்த்துவிட்டிருந்ததால் அது பிழைத்தது. மனிதர் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் தங்கை இன்றைக்கும் மழை பலமாகப் பெய்தால் தூங்குவதில்லை. இப்போது அதே இடத்தில் சிறுபாலத்தைத் திரும்பக் கட்ட உங்கள் வரைவு பரிந்துரைக்கும் அகலம், பழைய குழாய்கள் இரண்டும் சேர்ந்த அகலத்தைவிடக் குறைவு. அபாயம் குறைவு என்று அட்டவணை சொல்வதால்.

அதே 2019 மழையில்தான் கல்லாறு காடர் பழங்குடிக் குடியிருப்பில் மண் சரிந்தது. அந்தக் குடும்பங்கள் தெப்பக்குளமேட்டில் இடம் கேட்டு எவ்வளவு அலைந்தார்கள் என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும். 2020 ஆகஸ்டில் மலைக்கு அந்தப் பக்கம், மூணாறு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் போனார்கள். லயனில் தூங்கிக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளர்களும் அவர்கள் பிள்ளைகளும். 2024 ஜூலை 30 அன்று, வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் அழிந்த அதே நாள், சோலையாறு அணைப் பகுதியில் வீட்டின் மேல் மண் சரிந்து ஒரு பாட்டியும் பேத்தியும் இறந்தார்கள். சரியான வரைபடம் இருந்திருந்தால் இவர்கள் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு அருகதையும் இல்லை. ஆனால் லயன்கள் பெரும்பாலும் ஓடையை ஒட்டித்தான் கட்டப்பட்டிருக்கின்றன. தண்ணீர் வசதிக்காக அன்றைக்கு அப்படிக் கட்டினார்கள். மேலே பிறக்கிற சின்ன ஓடைகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, கீழே இருக்கும் லயனைப் பாதுகாப்பான இடம் என்று வரைபடம் போடுவதை எப்படி ஒப்புக்கொள்வது?

வடிநில எல்லையைப் பற்றியும் ஒரு சொல். சரிவை மட்டும் பார்த்து நீங்கள் நீராற்றையும் சோலையாற்றையும் தனித்தனியாகப் பிரித்திருக்கிறீர்கள். தரைமேல் அது சரிதான். ஆனால் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் நீராற்றின் தண்ணீரைச் சுரங்கம் வழியாகச் சோலையாறு அணைக்குக் கொண்டுவருகிறோம். அங்கிருந்து இன்னொரு சுரங்கத்தில் பரம்பிக்குளத்துக்குப் போகிறது. மலைக்கு அடியில் போகும் தண்ணீர் எந்த உயரத் தரவிலும் தெரியாது. சோலையாற்றுக்கு வரும் நீரைக் கணக்கிடும்போது இதைச் சேர்க்கவில்லை என்றால் அந்தக் கணக்குக்கு என்ன பொருள்? அணைக்குக் கீழே சோலையாறு கேரளத்துக்குள் போய் சாலக்குடி ஆற்றோடு சேர்கிறது. 2018 ஆகஸ்டில் சாலக்குடி மூழ்கியது. இங்கே நாம் போடும் எண்ணை அங்கே கீழே இருப்பவர்களும் நம்பி இருக்கிறார்கள்.

மழைக் கணக்கில் முழு மேட்டுநிலத்துக்கும் ஒரே சராசரியைப் போட்டிருப்பதும் சரியில்லை. சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெறும் இடங்களில் ஒன்று. அங்கிருந்து கிழக்கே ஆழியாறு பக்கம் இறங்க இறங்க மழை மளமளவென்று குறைந்துவிடும். எஸ்டேட்டுகளில் பல வருஷத்துப் பதிவேடுகள் கிடக்கின்றன. என் அப்பா எழுதியவையும் அவற்றில் உண்டு. உங்கள் குழுவிலிருந்து யாரும் வந்து அவற்றைக் கேட்டதாக நான் விசாரித்தவர்கள் சொல்லவில்லை.

ஆகவே என் கோரிக்கைகளை நேரடியாகவே எழுதுகிறேன்.

முதலில், இந்த வரைவை இப்போது இறுதி செய்யாதீர்கள். ஒரு தென்மேற்குப் பருவமழை முழுக்கத் தரையில் அளந்த பிறகு செய்யுங்கள். 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம் முழுவதையும் நடக்கச் சொல்லவில்லை. காடு மட்டும், தேயிலை மட்டும், இரண்டும் கலந்தது என்று வகைக்குச் சில சிறு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்தெடுத்து, மார்ச்சில் ஒரு முறையும் ஜூலையில் ஒரு முறையும் ஊற்றுக்கண் வரைக்கும் நடந்து அளந்தால் போதும். உங்கள் படம் எவ்வளவு தவறுகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். சோலைக்குள் ஜிபிஎஸ் தடுமாறும். டேப்பும் சரிவுமானியும் கூடவே வேண்டும்.

மரத்தின் உயரத்தைக் கழித்துத் தரை உயரத்தைத் தரும் தரவுகள் இப்போது வந்துவிட்டன. குறைந்தபட்சம் அவற்றை வைத்து ஒரு முறை திரும்ப ஓட்டிப் பாருங்கள். லயன்களுக்கு மேலே இருக்கும் சரிவுகளுக்கு மட்டுமாவது லேசர் அளவை செய்யுங்கள். இலைகளுக்கு நடுவே புகுந்து தரையைத் தொடக்கூடியது அதுதான். அந்தச் சரிவுகளின் மொத்தப் பரப்பு கொஞ்சம்தான். செலவை ஒரு காரணமாகச் சொல்ல முடியாது.

ஓடையின் வரிசையை வைத்துக் கரைப் பாதுகாப்பை முடிவு செய்யும் விதியை நீக்குங்கள். வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற எந்த ஓடைக்கும், மழைக்காலத்தில் மட்டும் ஓடினாலும் சோலைக்குள் பிறக்கிற எந்த ஓடைக்கும் இரண்டு பக்கமும் கரை விடப்பட வேண்டும். வட்டத்தன்மை எண்களைச் சுற்றளவைத் திருத்திப் புதிதாகக் கணக்கிடுங்கள். அதுவரை "அபாயம் குறைவு" என்ற குறிப்பை எல்லா நீர்ப்பிடிப்புகளிலிருந்தும் எடுத்துவிடுங்கள். இதற்கு மழைக்காலம் வரை காத்திருக்கத் தேவையில்லை, இந்த வாரமே செய்யலாம். சுரங்கங்களையும் தடுப்பணைகளையும் படத்தில் போடுங்கள். எஸ்டேட் பதிவேடுகளைக் கேட்டு வாங்குங்கள்.

நடக்கும்போது காடர்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். வழிகாட்டி என்று பெயருக்கு அல்ல, நாள் கூலி கொடுத்து, அறிக்கையில் அவர்கள் பங்கை எழுதி. எங்களோடு நடந்த காடர் பெரியவர் ஒருவர், நாங்கள் எண் போட்டுக்கொண்டிருந்த ஒவ்வொரு ஓடைக்கும் பெயர் சொன்னார். உங்கள் படத்தில் அவற்றில் ஒரு பெயரும் இல்லை. அந்தப் பெயர்களும் படத்தில் வர வேண்டும்.

கடைசியாக, திருத்திய படத்தைத் தமிழில், எந்தத் தரவு, எந்தக் கட்ட அளவு, ஓடை தொடங்க எந்த எல்லை என்ற விவரத்தோடு வால்பாறையிலேயே மக்கள் பார்க்கும்படி வையுங்கள். கோயம்புத்தூர் வரை போய்ப் பார்க்கக் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். அவர்கள் தங்கள் ஓடை படத்தில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல இரண்டு மாதமாவது அவகாசம் கொடுங்கள்.

எங்கள் அளவுக் குறிப்பேடுகளை அப்படியே உங்களிடம் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். நாங்கள் அளந்ததில் தவறு இருந்தால் காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன். ஜூன் இரண்டாம் வாரத்தில் மழை பிடித்துவிடும். உங்களில் இரண்டு பேர் வந்தால்கூடப் போதும், காலை ஆறு மணிக்கு லயனிலிருந்து கிளம்பி மதியத்துக்குள் பதினான்கு ஊற்றுக்கண்ணையும் காட்டிவிடுவேன். தேதியை மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
எஸ்டேட் லயனில் பிறந்த ஒரு புவியியல் ஆசிரியர்